மிஷினுக்கு முன்னால் நிற்கும் ஆள்

பொக்லைன் ஓட்டுகிறவனுக்குச் சுற்றிலும் எல்லாம் தெரியும், தன் காலடி மட்டும் தெரியாது. கேபினில் ஏறி உட்கார்ந்தால் கடல் தெரியும், காயல் தெரியும், பாலத்துக்கு அந்தப் பக்கம் எவன் பீடி பற்றவைக்கிறான் என்பது வரைக்கும் தெரியும். செயின் சக்கரத்துக்கு முன்னால் மணல் விரிசல் விடுகிறதா என்று கேட்டால் கையை விரிக்க வேண்டியதுதான். மிஷினின் நீண்ட கையும் பக்கெட்டும் அந்த இடத்தைக் கச்சிதமாக மறைத்துவிடும். அதனால் காயலுக்கு வாய் வெட்டும்போது மட்டும், ஓட்டுகிறவன் கண்ணில் படுகிற மாதிரி முன்னால் ஓர் ஆள் நிற்க வேண்டும். மண்ணைப் பார்ப்பது அந்த ஆளின் வேலை. அந்த ஆளைப் பார்ப்பது ஓட்டுகிறவனின் வேலை.

கொக்குக்கு அப்படிப் பதினோரு வருடமாக முன்னால் நின்றவர் அவன் தங்கை புருஷன்.

கொக்கு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. நீளக் கழுத்து, கேபினில் ஒரு காலை மடித்து சீட்டில் போட்டுக்கொண்டு மறு காலால் மிஷினை மிதிக்கிற பழக்கம், இரண்டும் சேர்ந்து வாங்கிக் கொடுத்த பெயர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு லாரியில் கிளீனராக ஏறியவன். டீசல் கேன் தூக்கினான், கிரீஸ் அடித்தான், பொக்லைன் ஓட்டுநர் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து லீவரைத் தொட்டுப் பார்த்து அடி வாங்கினான். வாங்கின அடியெல்லாம் கையில் தொழிலாக இறங்கியது. இப்போது நாற்பத்தெட்டு வயது. பேச்சு குறைவு. பேசினால் கடித்துக் குதறுவதுபோலத்தான் இருக்கும். அவன் மனைவி சொல்லுவாள், "மிஷின்கிட்ட பேசுறதுல பாதி எங்கிட்ட பேசினா போதும்."

மாப்பிள்ளை கிடைத்த கதையும் மிஷினால் வந்ததுதான். கேபின் சீட்டு கிழிந்து பஞ்சு பிதுங்கியதால் உறை தைக்கத் தாழ்ந்த தெரு தையல் கடைக்குப் போனான். அங்கே இருந்த ஒல்லி மனிதர் சாக்பீஸால் கோடுகூடப் போடாமல் தடித் துணியை நேராக வெட்டித் தள்ளினார். வெட்டி முடித்துப் பார்த்தால் நூல் பிடித்த மாதிரி இருந்தது. கொக்கு சீட்டு உறையை மறந்துவிட்டு, "வீட்ல யார் யார் இருக்கீங்க?" என்று விசாரிக்க ஆரம்பித்தான். உறை வாங்கப் போனவன் தங்கைக்கு மாப்பிள்ளையோடு வந்தான் என்று வீட்டில் இன்றைக்கும் சிரிப்பார்கள். அந்தக் கண்தான் பிறகு மணலில் விரிசல் பார்க்கவும் உதவியது. துணியில் ஓர் இழை விலகுவதைப் பார்க்கிறவருக்கு மணலில் முடி அளவு கோடு விழுவது தெரியாமல் போகுமா?

வாய் வெட்டுவது என்றால் என்னவென்று சொல்லிவிட வேண்டும். அந்த ஊர் கடலுக்கும் காயலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஊர். காயலுக்குக் கடலோடு ஒரே ஒரு வாய். காற்று திரும்பும் காலத்தில் அலை மணலை அள்ளிவந்து கொட்டி அதை அடைத்துவிடும். அப்புறம் மழை பிடிக்கும். ஆறு கொண்டுவரும் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லாமல் காயல் வயிறு உப்பும். உப்பினால் முதலில் நனைவது தாழ்ந்த தெரு. அந்த நேரத்தில் மணல் மேட்டை வெட்டிவிட்டால் காயல் தண்ணீர் கடலுக்குப் பாயும். பாய்ந்து போகிற வேகத்தில் மணலையும் அறுத்துக்கொண்டு போய் வாய் அகலமாகும். பிறகு கடல் ஏறும்போது நல்ல தண்ணீர் உள்ளே வரும், அதோடு மீன் குஞ்சும் இறால் குஞ்சும் வரும்.

கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருக்கும். ஆனால் எப்போது வெட்டுவது என்பதில்தான் ஊரே இரண்டுபட்டுக் கிடந்தது. காயலின் அடியில் இலையும் தழையும் அழுகிக் கறுப்புத் தண்ணீர் தேங்கியிருக்கும். அதில் காற்று கிடையாது. மீன் மேல் தண்ணீரில்தான் மூச்சு விடும். காயல் நன்றாக நிறைந்து அழுத்தம் கூடிய பிறகு வெட்டினால் வாய் ஆழமாக அறுபடும், கறுப்புத் தண்ணீரும் சேர்ந்து வெளியேறும். நிறைவதற்கு முன்னால் அவசரப்பட்டு வெட்டினால் மேல் தண்ணீர் மட்டும் நைசாக வடிந்து போகும். வேகம் இல்லாததால் கடல் மறுபடியும் மணலைக் கொட்டி மூடிவிடும். உள்ளே மிச்சம் இருப்பது கறுப்பு. மூன்று வருடத்துக்கு முன்னால் யாரோ களவாக வெட்டி அப்படித்தான் ஆனது. காயல் முழுக்க மீன் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தது. நாற்றத்தில் ஒரு மாதம் யாரும் ஜன்னல் திறக்கவில்லை. காயலில் வலை போடுகிறவர்கள் வருடம் முழுக்கக் கூலி வேலைக்குப் போனார்கள்.

அதற்குப் பிறகு கரையோர அலுவலகம் பாலத்துத் தூணில் சிவப்புக் கோடு ஒன்று போட்டது. தண்ணீர் கோட்டைத் தொட்டால்தான் வெட்டலாம், அதுவும் கொக்குதான் வெட்ட வேண்டும். பொறியாளராக வந்த பெண் தினமும் படகில் போய்ப் பாட்டிலை அடி வரைக்கும் இறக்கித் தண்ணீர் எடுத்துப் பார்ப்பார். சட்டம் சரியான சட்டம். அதில் ஒரே கோளாறு, தண்ணீர் கோட்டைத் தொடுவதற்கு முன்னால் தாழ்ந்த தெரு வீடுகளின் வாசற்படியைத் தொட்டுவிடும்.

அந்த வருடம் மழை நின்று நின்று பெய்தது. கோட்டைத் தொடுவேனா என்று தண்ணீர் பிகு பண்ணிக்கொண்டிருந்தது. தாழ்ந்த தெருவில் கணுக்கால் அளவு தேங்கி நாட்கணக்காக வடியாமல் நின்றது.

ஒரு நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் பொறியாளரின் ஜீப் கொக்கு வீட்டு வாசலில் வந்து நின்றது.

"களவா வெட்டிட்டாங்க. தண்ணி ஓட ஆரம்பிச்சிருச்சு," என்றார் அவர். மழைக்கோட்டுக்குள்ளும் நனைந்திருந்தார். "மூடணும். இப்பவே மூடினா உண்டு. இன்னும் ஒரு மணி நேரம் போனா அதுவே அறுத்துக்கும், யாராலயும் மூட முடியாது."

"யாரு வெட்டினது?"

"உங்களுக்கு வேண்டியவர்தான். வேற ஆளக் கூப்பிட நேரமில்ல. மன்னிச்சுக்கங்க."

பாலத்தடியில் நின்ற மிஷினை எடுத்துக்கொண்டு மணல் மேட்டுக்குப் போனபோது ஊரே அங்கே இருந்தது. ஒரு பக்கம் மண்வெட்டியும் கையுமாகத் தாழ்ந்த தெரு ஆட்கள். மறு பக்கம் காயலில் படகுகளை நிறுத்தி அதன்மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்த வலைக்காரர்கள். நடுவில் மேட்டைக் குறுக்கே பிளந்துகொண்டு ஓர் ஓடை. ஓர் ஆள் அகலம்தான். ஆனால் தண்ணீர் நுரை கட்டி ஓடியது. இரண்டு கரையிலிருந்தும் மணல் கட்டி கட்டியாக உடைந்து விழுந்தது. ஓடைக்கு நடுவில் தொடையளவு தண்ணீரில் மாப்பிள்ளை நின்றிருந்தார்.

களவாக வெட்டுகிறவனைப் பிடித்து உதைக்க வேண்டும் என்று வருடம் தவறாமல் சொன்னவர் அவர்தான்.

மிஷினை ஓடையின் ஓரத்தில் நிறுத்தி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"மாப்ள, மேல வாங்க."

"வரமாட்டேன் மச்சான்."

"தண்ணி இழுக்குது. கால் நிக்காது."

"இத்தன வருஷமா இங்கதான நிக்கிறேன்? எங்க நிக்கணும்னு எனக்கே சொல்லித் தர்றீங்களா?"

"இன்னும் கோட்டத் தொடல மாப்ள. இப்ப விட்டா மேல் தண்ணி மட்டும்தான் போகும். அன்னிக்கு நாறினது மறந்து போச்சா?"

"மீன் நாறினது ஊருக்கே தெரியுது. என் வீடு நாறுறது யாருக்குத் தெரியுது? தையல் மிஷினோட பெடல் தண்ணிக்குள்ள கிடக்கு. தெச்ச யூனிபார்ம் பூராத்தையும் பரண்ல ஏத்தி வெச்சிட்டு அது பக்கத்துல உங்க தங்கச்சி உக்காந்திருக்கா. கோடு, கோடுன்னு தூணப் பாக்கச் சொல்றீங்களே, ஒரு நாள் வந்து என் சுவத்தப் பாத்தீங்களா?"

கொக்கு போய்ப் பார்க்கவில்லைதான்.

படகிலிருந்து ஒருவன் கத்தினான். "டெய்லரே, எங்க காயலக் கிழிச்சுட்ட. திரும்பத் தெச்சுக் குடுப்பியா?"

"உன் வாயத்தான்டா மொதல்ல தெக்கணும்!" என்று தாழ்ந்த தெருவிலிருந்து பதில் போனது. யாரோ மண்கட்டியை எடுத்துப் படகை நோக்கி வீசினார்கள். துடுப்புகள் உயர்ந்தன. பொறியாளர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நடுவில் ஓடினார்.

கொக்கு முதல் பக்கெட் மணலை அள்ளினான். ஓடையின் தலைமாட்டில், காயல் தண்ணீர் உள்ளே நுழைகிற இடத்தில் கொட்டினால்தான் அடைபடும். பக்கெட்டைத் திருப்பினான். மாப்பிள்ளை தண்ணீரை எதிர்த்து நடந்து வந்து சரியாக அந்த இடத்தில் நின்றுகொண்டார்.

"கொட்டுங்க மச்சான். என் மேலயே கொட்டுங்க."

தள்ளிக் கொட்டினான். அவர் அங்கேயும் வந்தார். இன்னொரு பக்கம் கொட்டினான். கொட்டின மணல் அவர் இடுப்பில் மோதி இரண்டாகப் பிரிந்து தண்ணீரோடு போய்விட்டது. கரை இன்னொரு முழம் உடைந்தது. மிஷின் லேசாக முன்பக்கம் சாய்ந்தது. கொக்கு பழக்கத்தில் முன்னால் பார்த்தான். விரிசல் விட்டிருக்கிறதா என்று கை காட்ட வேண்டிய ஆள் ஓடைக்குள் நின்று முறைத்துக்கொண்டிருந்தார்.

இறங்கிப் போய்க் கையைப் பிடித்து இழுக்கலாம். இழுத்தால் தாழ்ந்த தெரு முழுக்கக் கூட வந்து விழும், அடிதடியில் முடியும், அதற்குள் ஓடை ஆறாகிவிடும். அவர் காலுக்கடியில் மணல் கரைந்துகொண்டே இருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் அவரையே அடித்துக்கொண்டு கடலில் போடும். அது தெரிந்தேதான் நிற்கிறார் என்பதுதான் கொக்குவைக் கலக்கியது.

என்ன செய்கிறோம் என்று யோசித்துச் செய்த காரியம் இல்லை அது. கையும் லீவரும் சேர்ந்து செய்த காரியம். பக்கெட்டைக் காலியாக்கினான். பற்கள் அவர் மேல் படாதபடி மல்லாத்தி, தண்ணீருக்குள் இறக்கி, மாப்பிள்ளையின் முழங்காலுக்குப் பின்னால் மெதுவாகக் கொண்டுபோய் வைத்தான். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு விரற்கடை முன்னால் நகர்த்தினான். முழங்கால் மடிந்தது. மாப்பிள்ளை நாற்காலியில் உட்காருகிற மாதிரி பக்கெட்டுக்குள் பொத்தென்று உட்கார்ந்தார். அப்படியே தூக்கினான்.

பக்கெட்டின் ஓரமாகத் தண்ணீர் அருவி மாதிரி கொட்டியது. உள்ளே இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, செருப்பில்லாத கால்கள் வெளியே தொங்க, மாப்பிள்ளை வானத்தில் போனார். லீவரில் ஒரு உதறல் உதறினால் போதும், ஆள் இரும்பில் மோதி எலும்பு நொறுங்கிவிடும். கொக்கு கண்ணிமைக்கவில்லை. மிஷினைத் திருப்பி, உலர்ந்த மணல் பார்த்து, முட்டையை வைக்கிற மாதிரி இறக்கினான்.

அப்போது படகிலிருந்து ஒரு குரல் வந்தது. "டெய்லருக்குத் தொட்டில் கட்டி ஆட்டுறான்யா மச்சான்காரன்!"

சிரிப்பு அங்கேதான் தொடங்கியது. அது பரவாயில்லை. ஆனால் அது காற்றில் வந்து தாழ்ந்த தெரு ஆட்களையும் தொற்றியது. அவரோடு விடிய விடிய மண்வெட்டி பிடித்தவர்களே வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். மாப்பிள்ளை பக்கெட்டிலிருந்து இறங்கும்போது வழுக்கி முட்டி போட்டு விழுந்தார். சிரிப்பு இரட்டிப்பானது. அவர் எழுந்தார். யாரையும் பார்க்கவில்லை. ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டு நடந்து போனார்.

கொக்கு ஓடையை அடைத்து முடித்தான். முன்னால் ஆள் இல்லாமல்தான் முடித்தான். கடைசி பக்கெட்டின்போது இடது செயின் பாதி வரைக்கும் இறங்கி எப்படியோ மேலே ஏறியது. பொறியாளர் நன்றி சொன்னார், வலைக்காரர்கள் கை தட்டினார்கள். எதுவும் அவன் காதில் ஏறவில்லை.

பாலத்தடியில் தங்கை நின்றிருந்தாள். மழையில் தெப்பமாக நனைந்திருந்தாள். அவளுக்குக் கோபம் தலைக்கேறினால் மரியாதை வந்துவிடும்.

"ரொம்ப நல்லா தூக்கினீங்களாமே."

"அடிச்சுட்டுப் போயிருக்கும் அவர. வேற வழி தெரியல."

"உயிரக் காப்பாத்துனீங்க. இல்லேங்கல. ஆனா தண்ணி வடிஞ்சா தரையக் கழுவிக்கலாம். இத எதப் போட்டுக் கழுவச் சொல்றீங்க?"

அவள் போய்விட்டாள்.

அதற்கப்புறம் மழை சாக்கு இல்லாமல் பெய்தது. தாழ்ந்த தெருவில் மற்றவர்கள் சொந்தக்காரர் வீடுகளுக்கு மூட்டை கட்டினார்கள். தங்கை குடும்பம் மட்டும் நகரவில்லை. கட்டிலுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தி, தண்ணீர் ஏற ஏற இன்னொரு செங்கல் வைத்து, அங்கேயே கிடந்தது. கொக்குவின் மனைவி தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு போனாள். மூடி திறக்காமல் அப்படியே திரும்பி வந்தது.

"நாத்தனா வாங்கிக்கத்தான் வந்தா. பரண்லேர்ந்து அவரு ஒரு இருமல் இருமினாரு. கைய இழுத்துக்கிட்டா," என்றாள் மனைவி.

"பரண்லயா?"

"அன்னிக்கு ஏறினவர்தான். எறங்கினா தெருவுல எவனாவது தொட்டில்னு சொல்லுவான்னு எறங்கல. நீயும் ஒரு மனுஷன்னு சட்டியத் தூக்கிட்டு நான் அலையறேன்."

கொக்கு எழுந்து போய் மிஷினுக்குக் கிரீஸ் அடித்தான். அடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டது. கடல் உள்வாங்கி வற்றத் தொடங்கும் பிற்பகலில் வெட்டுவது என்று பொறியாளர் சொன்னார். காலையிலிருந்தே கடல் பக்கமிருந்து கால்வாய் தோண்டிக்கொண்டு வந்தான் கொக்கு. காயல் ஓரத்தில் ஒரு வரப்பு அளவு மணல் மட்டும் மிச்சம். அதுதான் மூடி. அதை எடுத்துவிட்டால் காயல் மொத்தமும் பாயும். பாய்ந்த நொடியிலிருந்து கரை அறுபடும். மிஷின் நிற்கிற மண்ணே காணாமல் போகும். அதற்குள் பின்வாங்கிவிட வேண்டும். முன்னால் நிற்கிற ஆள் தேவைப்படுவது அந்த நேரத்துக்குத்தான்.

அலுவலகத்திலிருந்து ஓர் ஊழியரை அனுப்பியிருந்தார்கள். மஞ்சள் சட்டை, தலையில் தொப்பி, கழுத்தில் விசில். நல்ல மனிதர்தான். ஓர் ஓரமாகத் தள்ளி நின்று விசில் ஊதிக் காட்டினார்.

"எஞ்சின் சத்தத்துல விசில் எனக்குக் கேக்காது. கையக் காட்டணும். இங்க வந்து நிக்கணும்," என்று கொக்கு இடத்தைக் காட்டினான்.

ஊழியர் அந்த இடத்தைப் பார்த்தார். கொக்குவைப் பார்த்தார். "அவ்வளவு கிட்டயா? எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்குங்க."

அதில் தப்பு சொல்ல முடியாது. கொக்கு சொல்லவும் இல்லை. "சரி, ஆள் வேணாம். நானே பாத்துக்கறேன்," என்று கேபினில் ஏறினான்.

பொறியாளர் ஏணியில் ஏறிவந்து கதவைப் பிடித்துக்கொண்டார். "முன்னால ஆள் இல்லாம மூடிய எடுக்க விடமாட்டேன்."

"கடல் வத்தி முடிஞ்சுட்டா இன்னிக்கு வெட்ட முடியாதும்மா. நாளைக்குள்ள அந்தத் தெருவுல சுவரு விழும்."

"தெரியும். உங்களத் தள்ளிவிட்டுட்டு நான் வீட்டுக்குப் போய்த் தூங்க முடியாது. அதுவும் எனக்குத் தெரியும்."

இரண்டு பேரும் பிடிவாதக்காரர்கள். எஞ்சின் சும்மா உறுமிக்கொண்டிருந்தது. கடல் கொஞ்சம் கொஞ்சமாக வற்றிக்கொண்டிருந்தது. மூடிக்கு அந்தப் பக்கம் காயல் விளிம்பு வரைக்கும் நிறைந்து, மழைத்துளி விழுந்தால்கூட வழிந்துவிடும்போல நின்றது.

"எங்க நிக்கணும்?" என்று கீழிருந்து ஒரு குரல் கேட்டது.

தங்கை. சேலையை இழுத்துச் செருகியிருந்தாள்.

"நீ வீட்டுக்குப் போ. இது விளையாட்டு இல்ல."

"விளையாடறதுக்கு என் வீட்ல தரை இல்ல. எங்க நிக்கணும்னு கேட்டேன்."

"மாப்ள அனுப்பிச்சாரா?"

"அவரு பரண்ல இருக்காரு. நான் வந்தது அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா எறங்கிருவாரு, அதுவும் நல்லதுதான்."

"கை எப்படிக் காட்டணும்னு தெரியுமா உனக்கு?"

அவள் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "இது, போலாம்." விரல்களை மடக்கினாள். "இது, நில்லு." இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே போட்டாள். "இது, பின்னால ஓடு. வருஷா வருஷம் வெட்டிட்டு வந்து, சோத்துத் தட்டு முன்னாடி உக்காந்து ரெண்டு பேரும் ஆடிக் காட்டுவீங்களே. தூக்கத்துலகூட வரும் எனக்கு."

பொறியாளர் தன் மஞ்சள் மிதவைச் சட்டையைக் கழற்றி அவளுக்குப் போட்டு வாரை இழுத்து மாட்டினார். "கொஞ்சம் சந்தேகம்னாலும் அவரப் பாக்காதீங்க, மொதல்ல நீங்க ஓடுங்க," என்றார். தங்கை தலையாட்டினாள். கேட்டுக்கொண்ட தலையாட்டல் மாதிரி இல்லை.

கொக்கு லீவரைப் பிடித்தான். உலகத்திலேயே தன்மேல் ரொம்பக் கோபமாக இருக்கிற ஒருத்தியின் கையில் தன் உயிரைக் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்தான். அதைவிட, அவள் உயிர் தன் பக்கெட்டுக்குக் கீழே நிற்கிறது. உள்ளங்கை வேர்த்து லீவர் வழுக்கியது. வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

விரித்த கை. ஒரு பக்கெட் எடுத்தான். விரித்த கை. இன்னொன்று. மூடி மெலிந்தது. காயல் தண்ணீர் நாக்கு நீட்டுவதுபோல ஒரு கோடாக வழிந்து கால்வாயில் இறங்கியது. மூன்றாவது பக்கெட்டுக்கு மிஷினின் கையை நீட்டியபோது அவள் விரல்களை மடக்கினாள்.

நிறுத்தினான். அவள் குனிந்து தரையைப் பார்த்தாள். அவனுக்குத் தெரியாத இடத்தில் எதையோ பார்த்தாள். காலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து ஒற்றை விரலைக் காட்டினாள்.

ஒற்றை விரலா? அப்படி ஒரு கை அவர்களுக்குள் கிடையாது. ஒன்றுதான் எடுக்கலாம் என்கிறாளா? ஒரு நிமிடம் பொறு என்கிறாளா? எஞ்சின் சத்தத்தில் கேட்கவும் முடியாது. கொக்கு தன் முகத்தைக் கோணிக் கேள்வி கேட்டான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு விரலை இன்னும் வேகமாக ஆட்டினாள். பிறகு அதே விரலால் மூடியைக் காட்டினாள்.

ஒன்று எடுக்கலாம். ஒன்றே ஒன்று.

பக்கெட்டை ஆழமாக இறக்கி, இருந்த பலமெல்லாம் கொடுத்து ஒரே இழுப்பில் மூடியைப் பிடுங்கினான். காயல் வாய்விட்டு இரைந்தது. தண்ணீர் பழுப்பாக, பிறகு கறுப்பாக, மரக்கிளையும் நுரையுமாகப் பாய்ந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான். இரண்டு கையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்கே கிடந்தன.

பின்னால் மிதித்தான். வலது செயின் நகர்ந்தது. இடது நகரவில்லை. கேபின் ஒரு பக்கமாகச் சரிந்தது. ஜன்னல் முழுக்கத் தண்ணீராகத் தெரிந்தது. பக்கெட்டை முன்னால் ஊன்றி, மிஷினின் கையால் தரையை உதைத்துத் தன்னைத் தானே பின்னால் தள்ளினான். மிஷின் முனகியது, நடுங்கியது, பிறகு உருவிக்கொண்டு வெளியே வந்தது. அது நின்றிருந்த இடம் அப்படியே, ஒரு வீட்டு அறை அளவுக்கு, சத்தமில்லாமல் ஓடைக்குள் போய் உட்கார்ந்தது.

அவள் நின்ற இடமும் போயிருந்தது.

கொக்கு கதவை உதைத்துத் திறந்தான். முன்னால் யாரும் இல்லை. மஞ்சளாக எதுவும் தண்ணீரில் இல்லை. தன்னை யாரோ திட்டுவது போலிருக்கவே திரும்பிப் பார்த்தான்.

மிஷினுக்குப் பின்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மூச்சு வாங்கியது. ஒரு செருப்பைக் காணோம்.

"ஒத்த விரலக் காட்டினா ஒண்ணுன்னு தெரியாதா? இதுக்குமா எழுதிப் படிக்கணும்?"

கொக்கு ஏணிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சத்தம் வந்தது, அதைக் கனைத்து மறைத்துக்கொண்டான்.

பொறியாளர் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டார். தண்ணீர் அதுபாட்டுக்கு வாயை அகலமாக்கிக்கொண்டிருந்தது. இனி அதற்கு யாருடைய உதவியும் வேண்டாம். கடல் மறுபடி ஏறும்போது உள்ளே வரும், குஞ்சு மீனெல்லாம் வரும். வலைக்காரர்கள் படகுகளைக் கரையேற்றிவிட்டு ஓரமாக உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள்.

"மாப்ள எங்கிட்ட பேசுவாரா?" என்று கொக்கு கேட்டான்.

"அத அவருகிட்ட கேளுங்க. எனக்கு வீட்ல முட்டி அளவு சேறு இருக்கு," என்று சொல்லி மிதவைச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடந்தாள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பினாள். "மண்வெட்டி எடுத்துட்டு வாங்க. எங்க மண்வெட்டிய அன்னிக்கே தண்ணி கொண்டுபோயிருச்சு."

அவன் போய்ச் சேர்ந்தபோது தாழ்ந்த தெருவில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. சுவர்களில் பழுப்புக் கோடு, சாக்கடை வாசனை, எங்கே பார்த்தாலும் வழவழப்பான சேறு. மாப்பிள்ளை பரணிலிருந்து இறங்கி வாசலில் நின்றிருந்தார். நடந்தது எல்லாம் அதற்குள் தெரு வழியாக அவர் காதுக்கு வந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. கொக்குவையும் மண்வெட்டியையும் பார்த்தார். வா என்று சொல்லவில்லை. வாசலை அடைத்துக்கொண்டும் நிற்கவில்லை.

கொக்கு உள்ளே போனான். சுவரைப் பார்த்தான். அவர் அன்றைக்குப் பார்க்கச் சொன்ன சுவர். சுண்ணாம்பு பெயர்ந்து, நெஞ்சு உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தது. தையல் மிஷினின் பெடல் துருவும் பாசியுமாகக் கிடந்தது. அவன் சேற்றை வழித்து வாசலுக்குத் தள்ள ஆரம்பித்தான். மாப்பிள்ளை இன்னொரு மூலையில் பலகையால் தள்ளினார். இருட்டும் வரைக்கும் சேறு தள்ளுகிற சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை.

கடைசியில் அவர்தான் பேசினார். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

"பின்னாடி வந்து தூக்குனீங்க. முன்னாடி வந்து தூக்கியிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு வலிச்சிருக்காது."

"தப்புதான் மாப்ள."

"இனிமே உங்க மிஷினுக்கு முன்னால நான் நிக்க மாட்டேன்."

கொக்குவின் மண்வெட்டி நின்றது. இதைக் கேட்கத்தான் அத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தான். வந்துவிட்டது. "சரி," என்றான்.

"இவளையும் நிக்க விடமாட்டேன்."

உள்ளே தரையைக் கழுவிக்கொண்டிருந்த தங்கை வாளியைத் தரையில் வைத்தாள்.

"அத நான்ல சொல்லணும்," என்றாள்.